பஹாவின் பேட்டரிக்கு ஒரு ஜோடி

சார்ஜரில் இரண்டு பேட்டரிகளையும் செருகிய மறுகணமே இடது பக்க விளக்கு பச்சையாகிவிட்டது. வலது பக்கம் சிவப்பிலேயே நின்றது. ரம்ஸி இரண்டையும் உருவி, இடம் மாற்றிச் செருகிப் பார்த்தான். இப்போது வலது பக்கம் பச்சை, இடது பக்கம் சிவப்பு. ஆக, சார்ஜர் மேல் குற்றமில்லை. ஒரே பித்தளைக் குழலுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக நின்று, பகல் முழுக்க ஒரே சுருளைச் சூடாக்கிவிட்டு வந்த இரண்டில் ஒன்று ஒட்டக் காலியாகி வந்திருந்தது. மற்றது ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

காலியானது ரம்ஸியுடையது. குறையாதது செத்துப்போன பஹாவுடையது.

அலெக்ஸாந்திரியாவில், அத்தாரீன் பக்கத்துச் சந்து ஒன்றில், பேட்டரிச் சூட்டில் வாசனை ஆவி இழுக்கிற ஆவிக்குழல்களுக்குக் கையால் சுருள் சுற்றித் தருகிற கடை அது. கம்பியை ஊசித் தடியில் நெருக்கமாகச் சுற்றி, குழலின் தலையில் பொருத்தி, பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராகச் சிவக்கும்வரை இடுக்கியால் நீவி, பிறகு பஞ்சைத் திணித்து வாசனைத் திரவம் ஊற்றித் தர வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு ஆகாத வேலை. கடையைப் போட்டது பஹா. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கூட்டாளியாக வேலை பார்த்தது ரம்ஸி. போன குளிர்காலத்தில் பஹாவின் குழலில் மேல் பேட்டரி உதட்டருகே வெடித்து, குழலின் தலை தொண்டையைத் துளைத்துக்கொண்டு போனது. கீழ் பேட்டரிக்கு ஒரு கீறல் இல்லை. விதவைக்குரிய காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு பஹாவின் மனைவி நாஹித்தை ரம்ஸி கட்டிக்கொண்டான். ஊர் வாய் நாலு விதமாகப் பேசியது. பேசினால் பேசட்டும் என்று இருந்தான். பஹா உயிரோடு இருந்த காலத்திலேயே அவள் மாடிப்படியில் இறங்கி வரும் சத்தத்துக்கு இவன் சுற்றுகிற சுருள் கோணிப்போகும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரட்டை பேட்டரிக் குழலுக்கு இரண்டையும் ஒன்றாகவே வாங்கி, ஒரே நிற உறை போட்டு, சேர்த்தே ஏற்றி, சேர்த்தே தீர்ப்பார்கள். பையன்கள் அதைக் கல்யாணம் பண்ணி வைப்பது என்பார்கள். ஜோடியில் ஒன்று போனால் மற்றதையும் மணல் வாளியில் போட்டுவிட வேண்டும். எந்த நிலையிலும் அதற்கு மறுமணம் கிடையாது. கட்டி வைத்தால், வலுத்தது இளைத்ததை இழுத்துக்கொண்டே இருக்கும். அடிமட்டம் தட்டிய பிறகும் விடாது. கடைசியில் இளைத்ததன் கூட்டல் முனை கழித்தலாகத் திரும்பிப் போகும். இதைக் கடைக்கு வருகிற ஒவ்வொரு பொடியனுக்கும் ரம்ஸியே தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவனே தவறினான். கல்யாணமான முதல் வாரம், முலூகியா கீரையும் சோறும் பரிமாறிக்கொண்டே நாஹித் கேட்டாள்.

“அவரோட குழலைச் சரி பண்ணித் தர்றீங்களா? நானே வச்சுக்கிறேன்.”

“அதுக்கு ஒரு பேட்டரிதான் மிச்சம் இருக்கு நாஹித். அதையும் தூக்கிப் போடணும்.”

“போட வேணாம். உங்க பேட்டரில ஒன்னைச் சேர்த்துக் கொடுங்களேன். கடையில இருக்கிற புதுசு வேணாம். நீங்க வச்சிருக்கிறதுதான் வேணும்.”

புது மாப்பிள்ளைக்கு மறுக்க வாய் வருமா? செத்தவன்மேல் பொறாமைப்படுகிறான் என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம் வேறு. இரண்டுக்கும் பச்சை உறை மாட்டி, சூடு காட்டிச் சுருக்கி, தன் கையாலேயே குழலுக்குள் இறக்கிக் கொடுத்தான். அதற்காகவாவது அவள் தன்னை ஒரு முறை முழுசாகப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தான். அவளோ குழலைத்தான் பார்த்தாள்.

முதலில் சோம்பு மணம் வந்தது. பஹா சோம்பு வாசனைத் திரவம் மட்டும்தான் இழுப்பான். அவன் போனதும் அந்தச் சீசாக்களை எல்லாம் ரம்ஸி சாக்கடையில் கொட்டியிருந்தான். நாஹித்தின் குழலில் ஊற்றுவது கொய்யா. ஆனாலும் அவள் மாடியில் ஊதினால், படிக்கட்டு வழியாக இறங்கி வந்து கடையின் மர அலமாரிகளிலும் பஞ்சுப் பொட்டலங்களிலும் ரம்ஸியின் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொண்டது சோம்பு மணம்தான். பிறகு சத்தம். சூடான சுருளில் நனைந்த பஞ்சு பொரிகிற சடசடப்பு, யாரும் எதையும் அழுத்தாதபோது, பக்கத்து ஸ்டூலின் உயரத்திலிருந்து, காதுக்கு மிக அருகே கேட்டது. திரும்பினால் ஸ்டூல் காலியாக இருக்கும். தோலிருக்கையில் மட்டும் உட்கார்ந்த குழிவு இருக்கும், அது மெல்ல மெல்ல மேலே எழும்பும். பழைய ஸ்டூல், அப்படித்தான் இருக்கும் என்று ரம்ஸி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சுருள்களும் மாறின. முதல் நாள் மாலை வலக்கைப் பக்கமாகச் சுற்றி வைத்தவை மறுநாள் கடை திறக்கும்போது இடக்கைப் பக்கமாகச் சுற்றியிருந்தன. பஹா இடக்கைக்காரன். வாடிக்கையாளர்களுக்கோ கொண்டாட்டம். பழைய கைவாகு திரும்பிவிட்டது என்று ஒருவன் ரம்ஸியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனான்.

எதிர்க் காப்பிக்கடை மஹ்ரூஸ்தான் ரம்ஸியின் உடம்பைப் பற்றி முதலில் பேசியவன். “என்னடா மாப்ளே, கல்யாணமானா தொப்பை போடும்பாங்க, நீ வத்தல் மாதிரி காயுற? வீட்ல சோறு போடுறாளா, இல்ல பாட்டுப் பாடித் தூங்க வைக்கிறாளா?”

“வேலை ஜாஸ்திண்ணே.”

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு. பாதி நாள் ஸ்டூல்ல சும்மா உட்கார்ந்திருக்கிற, வேலை ஜாஸ்தியாம்!”

ரம்ஸி சிரித்தான். சிரிப்பு அவனுக்கே கேட்கவில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் வழிந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. சாப்பிட்ட எதுவும் உடம்பில் தங்கவில்லை. அதே வாரத்தில் மஹ்ரூஸ் புதினாத் தேநீரோடு வாசலில் வந்து நின்று, நேராக ரம்ஸியின் முகத்தைப் பார்த்தபடியே, “கடையில யாரும் இல்லியா?” என்று உரக்கக் கேட்டான். நல்ல பகல். கூரையில் இரண்டு குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ரம்ஸி மேசையைத் தட்டிய பிறகுதான் மஹ்ரூஸ் திடுக்கிட்டான். “அட, இங்கதான் இருக்கியா! விளக்கைப் போட்டுக்கக் கூடாதா?” என்று சொல்லி, தேநீரைப் பக்கத்து ஸ்டூலின் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

அன்று ரம்ஸி நிஜமாகவே பயந்தான். இந்த வீட்டிலிருந்து பஹாவைத் துரத்தாவிட்டால் நாஹித் தனக்கு இல்லை. அவள் மட்டுமல்ல, தானே தனக்கு இல்லை. அந்த ஜோடியைப் பிரித்து மணலில் புதைத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்புவதற்குள் கடலிலிருந்து நவ்வா என்கிற குளிர்காலப் புயல் ஏறி வந்தது. மழை சந்து முழுவதையும் அடித்துக் கழுவியது. டிராம் சத்தம் நின்றுபோனது. இழுத்துவிட்ட ஷட்டரைக் காற்று உலுக்கிக்கொண்டே இருந்தது. நாஹித் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துத் தலையணைக்கடியிலிருந்து குழலை எடுத்துக்கொண்டு ரம்ஸி கீழே இறங்கினான். பித்தளை வெதுவெதுப்பாக இருந்தது. அது அவளுடைய உடம்புச் சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மூடியைத் திருகி இரண்டையும் மேசையில் உருட்டிவிட்டான். மீட்டரை எடுத்தான். தன் பேட்டரியின் முனைகளைத் தொட்டான்.

கழித்தல் குறி.

முனைகளை மாற்றித் தொட்டுவிட்டோமோ என்று மறுபடி வைத்தான். அதே கழித்தல். திரும்பிவிட்டது. பஹாவுடையதைத் தொட்டான். நன்றாக ஏறிய பேட்டரி நாலு வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இது ஏழு காட்டியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டானது. ஒன்பது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் எண் ஏறியது. மூச்சை அடக்கினான். எண் நின்றது. அடக்க முடியாமல் விட்டான். பத்து.

மணல் வாளியைக் காலால் இழுத்தான். வாளி நகரவில்லை. இடுக்கியால் பேட்டரியைக் கவ்வினான். விரல்களில் பிடிப்பு இல்லை. இடுக்கி தரையில் விழுந்தது. சத்தமே வரவில்லை.

படிக்கட்டில் அவள் இறங்கி வரும் ஓசை. ஈரக்கூந்தலைத் துண்டில் சுற்றியிருந்தாள்.

“மேல போ நாஹித்! இது எந்த நிமிஷமும் வெடிக்கும்!”

நாஹித் மேசையருகே வந்தாள். பேட்டரிகளை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தாள். ரம்ஸியுடையதைத் தலைகீழாகவே உள்ளே போட்டாள். அதன்மேல் பஹாவுடையதை இறக்கினாள். மூடியைத் திருகினாள். கை பழகிய வேகம்.

“வெடிக்காது ரம்ஸி. இன்னிக்கோட முடிஞ்சுடும்.”

“என்ன முடியும்?”

அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக முழுசாகப் பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

“நீங்க ரொம்ப நல்ல மனுஷன். வேற யாரா இருந்தாலும் தன் பேட்டரியைத் தர மாட்டேன்னு சொல்லியிருப்பாங்க. அதுக்குத்தான் உங்களைக் கட்டிக்கிட்டதே.”

பொத்தானை அழுத்தினாள். சடசடவென்று பொரிந்தது. நீளமாக இழுத்தாள். இவன் நெஞ்சுக்குள் ஏதோ உருவப்பட்டது. ஊதினாள். வெண்புகை ரம்ஸிக்குள் புகுந்து மறுபக்கம் போனது. சோம்பு மணம். புகை கலையவில்லை. பக்கத்து ஸ்டூலின்மேல் குவிந்தது. தோலிருக்கை அமுங்கியது.

இன்னொரு இழுப்பு. தோள்கள். இன்னொன்று. குனிந்த பிடரி. கம்பியைத் தேடுகிற இடது கை.

ஓட வேண்டும். கால் எங்கே? குனிந்து பார்த்தான். சிமெண்டுத் தரை தெரிந்தது. மணல் வாளி தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

ஸ்டூலில் இருந்தது தலையை நிமிர்த்தியது. பஹா. அதே வளைந்த மூக்கு. அதே நரைத்த கிருதா. தொண்டையில் மட்டும் வாய் பிளந்த ஓட்டை, விளிம்பெல்லாம் கருகி. உள்ளே போன புகையெல்லாம் அதன் வழியாக வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. நாஹித் குழலை வீசிவிட்டு ஓடினாள். முழங்காலிட்டாள். ஒழுகாதபடி அந்த ஓட்டையைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அழுதாள். சிரித்தாள்.

“வந்துட்டீங்களா... மெதுவா, மெதுவா மூச்சு விடுங்க...”

ரம்ஸி கத்தினான். தன்னிடமிருந்த கடைசி மூச்சையெல்லாம் கூட்டி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவன் நின்ற இடத்தில் சத்தமில்லை.

“நாஹித்...”

அது அங்கே கேட்டது. பஹாவின் தொண்டையிலிருந்து, அவளுடைய விரலிடுக்கு வழியாக, ரம்ஸியின் குரலில்.

“நாஹித்... நான் இங்க இருக்கேன்... நாஹித்...”

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, மற்றக் கையையும் வைத்து அழுத்திப் பொத்தினாள்.