சத்தம் மட்டும்

கீழே நீர் விழும் சத்தம் கேட்டது. அது தன் உடம்பிலிருந்துதான் விழுகிறது என்பது வினோதாவுக்குத் தெரியவில்லை. ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியின் பெண்கள் கழிப்பறையில், பினாயில் நெடியும் ஈரச் சுவரின் வாடையும் மூக்கை அடைக்க, தலைக்கு மேல் டியூப்லைட் விட்டு விட்டுத் துடிக்க, குனிந்து பார்த்துத்தான் அவள் உறுதி செய்துகொண்டாள். போய்க்கொண்டுதான் இருந்தது. சூடு இல்லை, எரிச்சல் இல்லை. பாதியில் சத்தம் நின்றது. உப்பியிருந்த வயிறு மட்டும் இறங்கவில்லை.

லைனில் நாற்பது பெண்களுக்குச் சிவப்பு அட்டை ஒன்றுதான். அதைக் கழுத்தில் மாட்டியவள் மட்டுமே எழுந்து போகலாம். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து இவள் துடித்தபோது, பக்கத்து சீட் நிர்மலா மருந்துக்கடை ஜெல்லி ஒன்றை நீட்டினாள்.

"தடவிக்கோடி. மரத்துப் போயிரும். கார்டு வர்ற வரைக்கும் எரியறதும் தெரியாது, முட்டுறதும் தெரியாது."

பாவி, நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். இவளும் ஒரு மாதம் தடவினாள்.

ஜெல்லியை விட்டு ஐந்து நாளாகியும் உணர்ச்சி திரும்பவில்லை. இன்று காலை கிளினிக்கில் நர்ஸ் ஃபிர்தௌஸ் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"நீர் போறது அந்தப் பாதைக்குத் தெரியணும்மா. தெரிஞ்சாத்தான் நீர்ப்பை விடாம பிழிஞ்சு காலி பண்ணும். இல்லன்னா பாதியிலயே நின்னுரும். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போ, டியூப் வெச்சு எடுக்கணும்."

"லீவு போட்டா வேலையே போயிரும்க்கா. ஷிப்ட் முடிச்சிட்டுப் போறேன்."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். இப்போது அட்டையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுத் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மதியம் மூன்று மணி. மிஷின்களின் இரைச்சல், சூடான ரப்பர் வாசனை, எல்லாம் எப்போதும்போல். தொப்புள் வரைக்கும் வயிறு குடம்போல் கெட்டியாக இருந்தது.

சொட்டு. சொட்டு.

ஏசி ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். காய்ந்துதான் கிடந்தது.

சத்தம் வலுத்தது. லைனில் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. நிர்மலா இவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

வினோதா குனிந்தாள்.

கணுக்கால் வரை பேண்ட் நனைந்திருந்தது. ஸ்டூலுக்கடியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. சூடாக இருக்க வேண்டும். இல்லை. வயிற்றைத் தொட்டாள். கல். கொஞ்சமும் இறங்கவில்லை.

தொடையைக் கிள்ளினாள். வலி இல்லை. இன்னும் பலமாகக் கிள்ளினாள். நகம் துணிக்குள் இறங்கியது.

இல்லை.

பிறகு, கிள்ளிய விரல்களிலும் உணர்ச்சி தெரியவில்லை.

சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.