முதலில் தண்ணீர்

அந்தக் கொத்தைக் கட்டியது தெல்மா இல்லை.

கேட்டுக்கு வெளியே பூ விற்கப் போட்டிருந்த பலகையில் அவள் காலையில் பூக்கொத்துகளோடு வைத்த ஜாம் பாட்டில்கள் எல்லாம் விற்றுப்போய்விட்டன. நடுவில் ஒரே ஒரு பாட்டில் மட்டும் புதிதாக நின்றது. அதில் கை நிறைய விரியும் பியோனிப் பூக்கள், சிவப்பும் வெள்ளையும். வேறு நிறம் இல்லை. ஒரு இலைகூட இல்லை.

சிவப்பையும் வெள்ளையையும் மட்டும் சேர்த்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் கட்டமாட்டார்கள். ரத்தமும் பேண்டேஜும் என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு கொத்தை எடுத்துப்போனால் நர்சே வாசலில் மறித்து, வேறு நிறத்தில் ஒரு பூவைச் செருகிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அந்தக் கொத்து போன வீட்டில் படுத்திருக்கிறவர் எழுந்திருக்க மாட்டார் என்று நம்பிக்கை. தெல்மாவின் வீட்டில் அவள் கணவன் கிளெம் படுத்திருந்தான். நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பியிருந்தார்கள். இந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நூல் அவளுடையதுதான், கொட்டகை ஆணியில் தொங்கும் பச்சைச் சணல். முடிச்சுதான் அவளுடையது இல்லை. கண்ணாடியில் பார்த்ததுபோல் மறுபக்கமாகத் திரும்பியிருந்தது.

"என்ன தெல்மா, நூலோட சண்டையா?"

வேலிக்கு அந்தப் பக்கம் டோரீன், ரோஜாவில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாக அதே வீடு, அதே வாய்.

"இதை நீயா வெச்சே, டோரீன்?"

"சிவப்பும் வெள்ளையுமா! எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? கிளெம் அங்க உயிருக்குப் போராடிட்டுக் கிடக்கான்."

"இங்க இடது கைக்காரி யாரு இருக்கா?"

டோரீனின் விரல்கள் இலைமேல் நின்றன. "இப்ப யாருமில்ல. முன்னாடி ஐடா இருந்தா." உடனே சிரித்துக்கொண்டாள். "அட, மூஞ்சியப் பாரு! மொதப் பொண்டாட்டி பேரச் சொன்னாலே ரெண்டாவதுக்கு வெளுத்துடும். செத்தவ பூக்கட்ட வந்தா எனக்குச் சந்தோஷம்தான்டீ, அவ வாங்கிட்டுப் போன மண்வெட்டியக் கேட்டு வாங்கிக்குவேன்."

தெல்மாவும் சிரித்துவைத்தாள். கொத்தைப் பிரித்துக் குப்பை உரக் குழியில் போட்டாள்.

மே மாதக் கடைசியில் அங்கே வெளிச்சம் லேசில் போகாது. பார்லி வயலுக்குப் பின்னால் சூரியன் விழுந்த பிறகும் பால் கலந்த ஒரு வெளுப்பு தோட்டத்தின்மேல் தங்கி நிற்கும். அந்த வெளுப்பில் வெள்ளைப் பூக்கள் செடியிலிருந்து கழன்று தனியாக மிதப்பதுபோலவும், சிவப்புப் பூக்கள் இருந்த இடத்தில் ஓட்டைகள் விழுந்ததுபோலவும் தெரியும், வேலியோரத்து முட்செடிப் பூவின் இனிப்பும் அழுகலும் கலந்த வாடை கொட்டகைவரை வந்து நிற்கும். அதுதான் வெட்டும் நேரம்.

முதலில் தண்ணீர், அப்புறம் கத்தரி. இந்தத் தொழிலை ஆரம்பித்த ஐடாவின் வாக்கு அது. கிளெம் வழியாக தெல்மாவுக்கு வந்தது. வாளி நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து செடியின் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கத்தரியைத் திறக்க வேண்டும். பியோனி மொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். கல்லாக இருந்தால் விட்டுவிடு. பிசைந்த மாவுபோல் அமுங்கினால் வெட்டு.

அவள் அமுக்கினாள், வெட்டினாள். கிளக். அடுத்த வரிசையிலும் ஒரு கிளக்.

நின்றாள். அதுவும் நின்றது.

எதிரொலிதான், கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டு இன்னொன்றை வெட்டினாள். கிளக். இந்த முறை பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, அவள் கையை எடுத்த பிறகு, தானாக ஒரு கிளக்.

வாளியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

முன்னறையில் தோட்டத்து ஜன்னலைப் பார்த்துப் போட்ட கட்டிலில் கிளெம் விழித்திருந்தான். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது.

"டீ போடட்டுமா?"

"போடு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே கண்ணு. நான் தூங்குறப்ப வந்து தொட்டுத் தொட்டுப் பாக்காதே. உன் கை ஐஸ் மாதிரி இருக்கு."

"எப்ப தொட்டேன்?"

"நேத்து மத்தியானம். ரெண்டு விரலால கழுத்த அமுக்கிப் பாத்தியே, மொட்டுப் பாக்குற மாதிரி." சிரிக்கப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "என்ன, வெட்டுறதுக்கு இன்னும் பதமாகலையா நான்?"

நேற்று மத்தியானம் தெல்மா மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். பின்கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனாள்.

"நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"'இன்னும் கல்லாத்தான் இருக்கு, நாளைக்குப் பாக்கலாம்'னே. தூக்கத்துல உன் குரலே வேற மாதிரி கேட்டுது."

நாளைக்கு என்றால் இன்றைக்கு.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். "கிளெம். ஐடாவோட அஸ்தியை என்ன பண்ணினே?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"சிவப்புப் பியோனி ஒண்ணு நின்னுச்சே, பழசு. அதுக்கு அடியில. அவ வெச்ச செடி."

"அதை நான் போன இலையுதிர் காலத்துல தோண்டி வரிசைக்கு மாத்தினேன். நீ பாத்துட்டுத்தானே இருந்தே."

"பாத்தேன். என்னன்னு சொல்ல? ரெண்டாம் பொண்டாட்டிகிட்ட, உன் மண்வெட்டிக்கு அடியில முதல் பொண்டாட்டி இருக்கான்னா? மண்ணோட மண்ணாப் போயிருப்பான்னு நெனச்சேன்."

மண்ணோடு மண்ணாகப் போயிருக்கவில்லை. பியோனியை இடம் மாற்றக் கூடாது, அதற்கு ரோஷம் அதிகம் என்று பூக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். வரிசை நேராக வர வேண்டும் என்பதற்காக தெல்மா மாற்றினாள். வேரைத் தூக்கியபோது அடியில் சாம்பல் வெள்ளையாக, நறநறவென்று ஒன்று குவிந்திருந்தது. யாரோ எப்போதோ போட்ட எலும்பு உரம் என்று நினைத்தாள். நல்ல உரம், வீணாக்குவானேன்? கை கையாக அள்ளி, சல்லடையில் சலித்து, வாளியில் கலந்து, தோட்டத்தில் இருந்த ஒரு வரிசை விடாமல் தூவினாள். அன்று இரவு நகக்கண்ணில் ஏறியிருந்ததை ஊசியால் எடுக்க வேண்டியிருந்தது.

"அதை என்ன பண்ணினே தெல்மா?"

"தூவிட்டேன்."

"எங்க?"

"எல்லாத்துக்கும்."

கிளெம் கண்ணை மூடிக்கொண்டான். "அதான் இந்த வருஷம் இப்படிப் பூத்திருக்கு" என்றான்.

அவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். ஜன்னலைத் தாழிட்டாள். ஐடாவுக்குக் கொத்துக் கட்டப் பூ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. தோட்டத்துக்கு ஓடினாள்.

சிவப்பு எல்லாவற்றையும் வெட்டினாள். வெள்ளை எல்லாவற்றையும். அமுக்கிப் பார்க்கவில்லை, தண்ணீர் வைக்கவில்லை. கல் மொட்டு, விரிந்த பூ, பட்டாணிப்பூக் கொடியில் வெளுப்பாகத் தெரிந்தது எல்லாம் தரையில் விழுந்தன. விழுந்ததை மிதித்தாள். அறுபட்ட தண்டின் பச்சை வாடை எழுந்தது. தேனீச் சத்தம் இல்லை. குருவிச் சத்தம் இல்லை. டோரீன் வீட்டில் விளக்கு எரிந்தது, கூப்பிடலாம், கூப்பிட்டு என்ன சொல்வது? பழைய பியோனியின் முன் மண்டியிட்டு அதை அடியோடு பிடித்து இழுத்தாள். வரவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். மண் அதை விடவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல இருந்தது.

பின்னால் குழாய் திறந்தது.

கொட்டகைச் சுவரோரக் குழாய். வாளியின் தகரத்தில் தண்ணீர் விழுந்தது. முதலில் சடசடவென்று. அப்புறம் கனமாக. அப்புறம் நிறைந்த வாளிக்கே உரிய அந்த அடங்கிய சத்தம்.

நின்றது.

அவள் திரும்பினாள். குழாயடியில் யாரும் இல்லை. வாளியும் இல்லை. கல் பாதையில் தண்ணீர் சிந்தியிருந்தது. சொட்டு. சொட்டு. கொட்டகைக்கு இல்லை. பின்கதவுக்கு.

கத்தரிக்காகக் குனிந்தாள். வைத்த இடத்தில் இல்லை.

ஓடினாள். சமையலறைத் தரையில் ஈரம். நடையில் ஈரம். முன்னறைக் கதவு திறந்திருந்தது.

கிளெம் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. கட்டிலுக்கு அந்தப் பக்கம், அவன் தலைக்கு நேராக, வாளி. விளிம்புவரை தண்ணீர். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் தண்ணீர்.

காலால் உதைத்தாள். வாளி உருண்டது. தண்ணீர் பலகைத் தரையெல்லாம் பரவிக் கட்டிலுக்கடியில் ஓடியது. "போ!" என்று கத்தினாள். "போயிடு! அவன் என் வீட்டுக்காரன்!"

கிளெம் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சிரித்தான்.

"ஐடா" என்றான். "உன் கை எப்பவும் சில்லுன்னுதான்."

"நான் தெல்மா. கிளெம், தெல்மா!"

சுவருக்குள் குழாய் அதிர்ந்தது. உருண்ட வாளி தரையில் இல்லை. வெளியே மறுபடி வாளியில் தண்ணீர் விழும் சத்தம். அவசரமே இல்லாமல். நிறைகிற சத்தம். நின்றது.

கல் பாதையில் சொட்டு. சமையலறையில் சொட்டு.

தெல்மா அவன்மேல் கவிழ்ந்து விழுந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் கழுத்தை மூடினாள். இறுக்கி மூடினாள், காற்றுகூட நுழையாதபடி. அவள் தோளுக்குப் பக்கத்தில் வாளி இறங்கியது. கைப்பிடி டங்கென்று சாய்ந்தது.

அவள் கைக்கும் அவன் கழுத்துக்கும் நடுவில், ஈரமாக, மண் நறநறக்க, இரண்டு விரல்கள் நுழைந்தன.

அமுக்கின.

மாவுபோல் அமுங்கியது.

அவள் காதுக்கு மேலே கத்தரி திறந்துகொண்டது.