கோபுரத்தில் ஆள் நிற்கிறார்

கருவிப் பெட்டியின் நான்காவது திருகாணி அசைய மறுத்தது. ஜெனிபர் இடது கையால் இரும்புக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஸ்க்ரூ டிரைவரைத் திருகினாள். இருபதடி கீழே பழவேற்காட்டுக் கடல் பகல் வெயிலில் ஈயம் போல் மின்னியது.

மணி இரண்டு. மூன்று மணிக்குப் பொன்னேரியிலிருந்து விசாரணைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் இந்தப் பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டு கடலுக்குள் போயாக வேண்டும். அலுவலகத்துப் பதிவை ஏற்கெனவே அழித்தாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான். சிக்கினால் வேலையோடு போகாது.

"இன்னா மேடம், பேட்டரி மாத்த இவ்ளோ நேரமா? காத்து ஏறிக்கினு இருக்குது," என்றான் படகிலிருந்த சின்னதுரை.

பேட்டரி என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். முன்பெல்லாம் இங்கே படகு ஓட்டியவன் அவன் அண்ணன் ஏழுமலை. போன மாதப் புயலில் படகு கவிழ்ந்து, மறுநாள் கோபுரத்தடியில் பிணமாக ஒதுங்கினான். கவிழ்ந்த உடனே உயிர் போயிருக்கும் என்று அலுவலகம் எழுதிக் கொடுத்தது. நம்பாமல் மனு மேல் மனு போட்டு, விசாரணை வரை கொண்டுவந்தவன் சின்னதுரை.

கடல் காற்றுக்கு எவ்வளவு சூட்டையும் ஈரத்தையும் கொடுக்கிறது என்று இந்தக் கோபுரம் நொடிக்கு இருபது தடவை அளக்கும். மனித மூச்சு பட்டால் அளவு கெட்டுவிடும்; உடனே ஜெனிபரின் போனுக்குச் செய்தி போகும். அதனால் ஏறுகிறவர்கள் காற்று போகும் திசையில், கரைப்பக்கம்தான் நிற்க வேண்டும்.

ஜெனிபரும் கரைப்பக்கம்தான் நின்றாள்.

ஆனாலும் பெட்டியின் சின்னத் திரையில் ஈரத்தின் அளவு ஏறியது. இறங்கியது. ஏறியது.

நான்கு நொடிக்கு ஒரு தடவை.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஏறியது. இறங்கியது.

நனைந்த துணியும் பீடியும் கலந்த வாடை வந்தது. எதிர்ப்பக்கம், கம்பிக்கு அந்தாண்டை, குளிரில் நடுங்கி நடுங்கி யாரோ மூச்சு விடும் சத்தம். அங்கே கடலைத் தவிர ஒன்றுமில்லை.

திருகாணி சட்டென்று இளகியது. கார்டை உருவி அலையில் எறிந்தாள். பொய் மெய்யாக இருக்கட்டும் என்று பேட்டரியையும் பிடுங்கினாள். திரை அணைந்தது. பேட்டரியோடு படகுக்கு இறங்கினாள்.

படகு கரைக்குத் திரும்பியது. எஞ்சினைப் பிடித்தபடி சின்னதுரை பேச்சுக் கொடுத்தான்.

"மூச்சு பட்டா நீங்க போன்ல திட்டுவீங்களாமே. அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். 'கடல்ல எதுனா ஆச்சுன்னா கோபுரத்துல ஏறி ஊதுனா போதும்டா, ஜெனிபர் மேடத்துக்குத் தெரிஞ்சிடும்'னு."

அவள் மடியில் பேட்டரி கனத்தது.

அப்போது போன் அதிர்ந்தது.

'கோபுரத்தில் ஆள் நிற்கிறார். பதிவை நீக்கவா?'

"யாரு மேடம்?"

புயலன்றும் இதே கேள்விதான் வந்தது. கும்மிடிப்பூண்டி வீட்டில் போர்வைக்குள் படுத்தபடி, மழைத்துளி பட்டுக் கருவி உளறுகிறது என்று எரிச்சல்பட்டு, 'ஆம்' என்று தட்டினாள்.

பதினேழு தடவை.

முதல் தடவை மாலை ஆறு மணிக்கு.

கடைசித் தடவை, விடிகாலை நாலரைக்கு.