மேசைத்தூரம்

பத்து நாளாக மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த பார்வைமானியைக் கழற்றிக் கொடுத்தபோது, அது தன்னைப் பற்றி என்ன கோள் சொல்லப் போகிறது என்று தீபக்குமாருக்குத் துளியும் தெரியாது. கண்புரைக்கு வில்லை பொருத்துமுன் இப்போதெல்லாம் எல்லோரும் போட்டுக்கொள்கிற கருவிதான். கண் எங்கே திரும்புகிறது, எவ்வளவு தூரத்தில் நிலைக்கிறது, எதைப் பார்த்தால் கண்பாப்பா விரிகிறது என்று அது பாட்டுக்குக் குறித்துக்கொண்டிருக்கும்.

"கண்ணுக்குள்ள வெக்கற உறைவில்லைக்கு மூணு தூரம் இருக்குதுங்க சார்," என்றாள் மருத்துவமனையின் விழித்துணைவர் நறுமுகை. சின்னப் பெண், மரியாதை தெரிந்த பெண். "கை எட்டற தூரம், மேசைக்கு எதிர்ல உக்கார்ற தூரம், எதிர்ச்சுவத்துல இருந்து வானம் வரைக்கும் தெருத்தூரம். இதுல ரெண்டத்தான் பளிச்சுனு உறைய வெக்க முடியும். மூணாவது மங்கலாத்தான் இருக்கும். உறைஞ்சதுக்கப்புறம் மாத்த முடியாதுங்க. மேல கண்ணாடி போட்டா தலை சுத்தும். அதனாலதான் எந்த ரெண்டு வேணும்னு உங்க கண்ணையே கேட்டுட்டோம்."

தீபக்குமாருக்கு இது பிடித்திருந்தது. கோவையில் நானூறு வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். நாலு பேரைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்காமல் முடிவாகிற எந்தக் காரியமும் அவருக்கு உவப்பானது. ஒரு பக்கம் மனைவி ஜீவிதா, இன்னொரு பக்கம் மகள் மகிழினி இருக்க, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

நறுமுகை விளக்கை அணைத்தாள். அறை நடுவில் அவருடைய பத்து நாள் பார்வை ஒளிப்புகையாக எழுந்தது. கைக்கு அருகே கண்ணைப் பறித்த வெளிச்சம், சங்க வேலையெல்லாம் ஓடுகிற அவருடைய கைத்திரை. தள்ளி, தூரத்தில், டீவியும் வாகன நிறுத்தமும் வாசல் காவலாளிகளும் ஒளிர்ந்தார்கள். நடுவில் மட்டும் கும்மிருட்டு.

"ரொம்பச் சுலபமாப் போச்சுங்க சார். உங்களுக்கு மேசைத்தூரம் தேவையே இல்ல." நறுமுகை இருட்டைச் சுட்டிக் காட்டினாள். "பொதுவா அங்கதான் கூட இருக்கறவங்க முகம் விழும். நீங்க வீட்டுல தனியாத்தான் இருக்கீங்களா?"

தீபக்குமார் காலை ஆட்டுவதை நிறுத்தினார்.

"நான் இருக்கறனுங்க," என்றாள் ஜீவிதா.

குறையாகச் சொல்லவில்லை. வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பவள் மாதிரிதான் சொன்னாள். நறுமுகை நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதற்கும் சிரித்து வைக்கிற மகிழினி அன்று சிரிக்கவில்லை. தீபக்குமாருக்குக் காது மடல் சுட்டது. சங்கக் கூட்டத்தில் நட்ட நடுவே வேட்டி அவிழ்ந்திருந்தால்கூட அவர் இப்படிக் கூனிக் குறுகியிருக்க மாட்டார்.

"மிஷின்ல ஏதோ கோளாறு," என்றார். "இன்னொரு தடவ போட்டுப் பாத்தர்லாம்."

மிஷினில் கோளாறு ஒன்றும் இல்லை என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு.

இரண்டாவது முறை அதை மாட்டிக்கொண்டதும், பரீட்சைக்குப் படிப்பவரைப்போல மனைவியைப் பார்த்தார். சாப்பிடும்போது பார்த்தார், அவள் துணி மடிக்கும்போது எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்தார். புரையில் அவள் முகம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் கலங்கித் தெரிந்தது. பார்வைமானியின் காம்பில் இருந்த சிறு விளக்கு சிவப்பாகவே எரிந்தது. கண் அங்கே இருக்கிறது, கருத்து அங்கே இல்லை என்று அர்த்தம்.

"ஏனுங்க, மூஞ்சில ஏதாச்சும் ஒட்டீருக்குதா?" என்று கேட்டாள் ஜீவிதா.

கட்டிய மனைவியே ஆனாலும், பேசாமல் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? அதற்காகவாவது பேச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. காலையில என்ன பண்ணுவ, என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தார்.

"நீந்தப் போவனுங்க."

"எங்க?"

"நம்ம நீச்சல் குளத்துலதான். நாலு வருசமாப் போறன். செயலாளர் ஊட்டம்மான்னு எனக்குத் தனி நேரமே ஒதுக்கிக் குடுத்திருக்காங்க."

அந்தக் குளத்துக்குத் தண்ணீர் மாற்றும் நாளைக்கூட அவர் மனப்பாடமாகச் சொல்வார். அதில் யார் நீந்துகிறார்கள் என்று தெரியாது. அசடு வழிய, "நல்லா நீந்துவியா?" என்றார். அவள், அக்கரைக்கும் இக்கரைக்கும் மூச்சு வாங்காமல் இருபது தடவை போவதைக் கையை வீசிக் காட்டினாள். விளக்கு அவரைக் கேட்காமலே பச்சைக்கு மாறியது.

மறுபடி நறுமுகை விளக்கை அணைத்தபோது நடுவில் வெளிச்சம் இருந்தது. "மேசையும் தெருவும்," என்றார் தீபக்குமார். "கை வேண்டாம்."

"கைத்திரையப் படிக்கவே முடியாதுங்களே சார்?"

"சங்கத்தை வேற யாராச்சும் பாத்துக்கட்டும்."

இதைக் கேட்டு ஜீவிதா உருகிவிடுவாள் என்று உள்ளூர எதிர்பார்த்தார். "உங்க இஷ்டமுங்க," என்று மட்டும் சொன்னாள். போகட்டும், கண் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டார். செய்த தப்புக்குப் பெரிய பரிகாரமாகச் செய்துவிட்ட நிம்மதி அவருக்கு.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, இட்லித் தட்டுக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். தெள்ளத் தெளிவாகத் தெரிந்தாள். நரைத்த புருவம், உதட்டோரம் ஒரு மச்சம், நீச்சலில் கறுத்த நெற்றி. எத்தனை வருஷத்தைக் கோட்டை விட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரித்தபடியே அவருக்குக் கண்ணீர் கொட்டியது. அவள் அதையும் கண்டுகொள்ளவில்லை. கண்கள் அவர் இருக்கும் திசையில் இருந்தன, அவர் மேல் இல்லை.

"சட்னி போடட்டுங்களா?"

"ஜீவி, எம் மேல கோவமா? நான் உன்னப் பாத்துச் சிரிச்சேன்."

"அப்படீங்களா? எனக்கெங்கீங்க தெரியுது? கண்ணு ஆப்ரேசன் ஆனதுல இருந்து, அங்க உக்காந்தா நீங்க ஒரே புகையாத்தான் தெரியறீங்க."

அவளுக்கு மூன்று வருஷம் முன்பே வில்லை வைத்தாகிவிட்டது. மகிழினிதான் கூட்டிப் போனாள். அன்றைக்கு அவருக்குச் சங்கத் தேர்தல்.

"மேசைத்தூரத்த ஏன் வேண்டாம்னு சொன்ன?"

"நான் எங்கீங்க சொன்னேன்? அப்பெல்லாம் இந்த மிஷினு ஏது? ஊட்டுக்காரரக் கேட்டுத்தான் வெப்பாங்க. போன் போட்டுக் கேட்டாங்களே, மறந்துட்டீங்களா?" அவள் குரலில் குத்தல் இல்லை. "அடுப்பும் டீவியும் தெரிஞ்சாப் போதும்னு நீங்கதான சொன்னீங்க. ரெண்டும் நல்லாத் தெரியுதுங்க."

சொன்னது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பார், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வருஷம் தினமும் இதே மேசையில் புகையோடு சாப்பிட்டிருக்கிறாள். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எழுந்து மேசையைச் சுற்றி வந்து, அவளுக்குத் தெளிவாகத் தெரிகிற கை எட்டும் தூரத்தில் நின்றார். குனியக் குனிய அவள் முகம் கரைந்து, மச்சமும் புருவமும் கலைந்து, வெறும் நிழலாகிவிட்டது. இனி இருவரும் ஒருவரையொருவர் ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் ஆளுக்கொரு சுவரோரம்தான் நிற்க வேண்டும்.

நிழலிலிருந்து ஒரு கை நீண்டு அவர் கன்னத்தைத் தொட்டது.

"அட, எதுக்குங்க அழுவறீங்க?" என்றாள் ஜீவிதா.

அதை என்ன முகத்தோடு கேட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை.