ஆள் கிளம்பிட்டாரு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஹெட்போனை மாட்டியபோது, அவளுடைய குரல் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாக அதுதான் அவள் வேலை, தன் குரலைத் தானே உட்கார்ந்து கேட்பது. லிப்ட்டுகளைப் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் ஏழு வருடம் அவசர அழைப்பு மேசையில் இருந்தவள். லிப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் அது அவள் காதில்தான் ஒலிக்கும். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை பேச்சுக் கொடுத்து அவர்களைத் தைரியமாக வைத்திருப்பாள். இப்போது அந்த ஏழு வருடப் பதிவுகளையும் தின்று வளர்ந்த ஒரு செயற்கை நுண்ணறிவு அவள் குரலிலேயே அதைச் செய்தது. மெக்கானிக்குகள் அவளை அக்கா என்பார்கள். அதனால் அதற்குச் சின்னக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உறுத்தியது வேறு. திரையில் அந்த அழைப்பின் பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்தொரு மணி நேரம், இரண்டு நிமிடம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று ஆனது.

அறுபத்தொரு மணி நேரம் என்றால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. சனி, ஞாயிறு அவளுக்கு விடுமுறை. திரைக் கோளாறாக இருக்கும் என்று நினைத்து, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். லிப்ட்டுக்குள் மின்விசிறி சன்னமாக இரைந்தது. தகரத்தில் யாரோ நகத்தால் கீறுவது போல ஒரு சத்தம் வந்து, நின்று, மறுபடி வந்தது. நடுவே ஒரு மூச்சு. பிறகு அவளுடைய குரல், அவளே மறந்துபோயிருந்த ஒரு பொறுமையோடு சொன்னது: "மெதுவா மூச்சு விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

பதில் இல்லை. ஆனாலும் பக்கத்தில் பச்சை எழுத்தில் மின்னியது: அழைப்பவரின் அமைதி, நூற்றுக்கு நூறு.

அந்த நூற்றுக்கு நூறுதான் கம்பெனியில் இப்போது சாமி, பூதம் எல்லாம். புதிதாகத் தொடங்கிய புதுமைப் பிரிவுக்கு ஒரு மேலாளர் வந்திருந்தார். வாயைத் திறந்தால் புதுமை, மூடினால் புதுமை. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே புதுமை. எடுத்த எடுப்பில் பெரிய கட்டடங்களில் கை வைத்தால் ஆபத்து என்று, யாருக்கும் அக்கறை இல்லாத மூன்று கட்டடங்களைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். ஒன்று பழைய கிடங்கு. ஒன்று பாதி காலியான விடுதி. மூன்றாவது விற்பனைக்காகக் காலி செய்த அலுவலகக் கட்டடம். இரண்டு மாதத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. அவள் மேசையில் சராசரியாக ஒன்பது நிமிடம் ஓடிய அழைப்பு, சின்னக்காவிடம் ஐம்பது நிமிடம் ஓடியது. ஏன் சார் என்று கேட்டதற்குப் புதுமை சிரித்தார்.

"பேசப் பிடிச்சிருக்கு மேடம், பேசுறாங்க. நீங்க பொறாமைப்படாதீங்க."

அன்றிலிருந்தே அவளுக்குச் சந்தேகம். தன்னை வீட்டுக்கு அனுப்ப ஏதோ நடக்கிறது என்றுதான் நினைத்தாள். யாராவது இருவர் குரலைத் தாழ்த்திப் பேசினால்கூடத் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. தம்பி அப்போதே சொன்னான். அவனும் அதே கம்பெனியில்தான் மெக்கானிக். "குரலை வித்துட்டியேக்கா" என்றான். வேலை போய்விடும் என்ற பயத்தில் குரலைத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. "நீ ஒண்டிக்கட்டை, உனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டாள். மனைவி விட்டுப்போன ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது. இருபது நாளாக அவன் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க அவளும் தினமும் குளியலறையில் ஒத்திகை பார்க்கிறாள்: அன்னைக்கு நான் பேசினது தப்புடா, மனசுல வச்சுக்காத. போனை எடுத்தால் மட்டும் நாக்கு எழவில்லை.

அவள் புதுமையைக் கூப்பிட்டாள்.

"காலி கட்டடம் மேடம். லைன் சும்மா தொங்கிட்டிருக்கும்" என்றார். பின்னால் கார் ஓடும் சத்தம்.

"உள்ள மூச்சுச் சத்தம் கேக்குது சார். நான் பேசிப் பாக்குறேன்."

"உங்க மேசைல கேக்கத்தான் முடியும். பேச வராது."

"அப்ப லைனைக் கட் பண்ணுங்க."

"நம்மகிட்ட அதுக்குப் பட்டன் கிடையாது. அதைச் செஞ்சு குடுத்த கம்பெனிக்கு மெயில் போடணும். பத்து மணிக்கு முதலாளிங்களுக்கு இதைத்தான் காட்டப் போறேன். கொஞ்சம் பொறுங்க."

அவள் பொறுக்கவில்லை. பதிவைத் தொடக்கத்துக்கு இழுத்தாள். வெள்ளிக்கிழமை, ஆறு மணி. மணிப் பொத்தான் ஒலித்தது. அவளுடைய குரல் வந்தது.

"வணக்கம், பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். ஆள் கிளம்பிட்டாரு."

உள்ளிருந்து ஒரு சிரிப்பு. அவள் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லக்கூடிய சிரிப்பு.

"எந்த ஆளுக்கா? நான்தானே அந்த ஆளு."

காபி டம்ளர் கையிலிருந்து நழுவி மேசையெல்லாம் ஓடியது. அவள் துடைக்கவில்லை.

'ஆள் கிளம்பிட்டாரு' என்பது ஏழு வருடமாக அவள் சொல்லிவந்த பொய். சின்னப் பொய், நல்ல பொய். மாட்டிக்கொண்டவர் குரலில் நடுக்கம் கேட்ட உடனே அதைச் சொல்லிவிடுவாள். சொல்லிக்கொண்டே, இடது கையால் தன் சொந்தக் கைபேசியிலிருந்து தம்பிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு மணி அடித்தால் கிளம்பு என்று அர்த்தம். எங்கே என்று அவன் குறுஞ்செய்தி அனுப்புவான், அவள் பதில் தட்டுவாள். சத்தமே இல்லாத வேலை. ஏழு வருடப் பதிவில் அந்தப் பொய் ஆயிரம் தடவை இருந்தது. அந்த மிஸ்டு கால் ஒரு தடவைகூட இல்லை. அனுப்புவது எப்படி என்று அதற்குச் சொல்லித்தர வேண்டாமா என்று தொடக்கத்திலேயே கேட்டாள். எல்லாம் ரெக்கார்டிங்ல இருக்கு மேடம், அதுவே கத்துக்கும் என்றார்கள்.

கற்றுக்கொண்டுவிட்டது.

கிடங்கில் மாட்டியவர்களைக் காவலாளிகள் கடப்பாரை வைத்து எடுத்திருப்பார்கள். விடுதியில் லிப்ட் தானே ஓடியிருக்கும். அமைதியாக இருந்தார்கள், அதனால் பச்சை. அவள் தம்பியின் எண்ணை அழுத்தினாள். அணைக்கப்பட்டிருந்தது. லிப்ட்டுக்குள் போகும்போது அவன் கைபேசியைப் பையில் போட்டுவிடுவான், பை மொட்டைமாடி மோட்டார் அறையில் இருக்கும்.

மேசை இழுப்பறையில் தம்பியின் உபரிச் சாவி கிடந்தது. லிப்ட்டின் வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி. தொலைத்துக்கொண்டே இருப்பான் என்று அவள்தான் ஒன்றைப் பத்திரப்படுத்தியிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வழியில் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். டாக்சியில் உட்கார்ந்து, ஹெட்போனைக் கைபேசியில் செருகி, அந்தப் பதிவை முன்னும் பின்னும் இழுத்துக் கேட்டாள். ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் இரவு அவன் திட்டினான், கெஞ்சினான். "அக்கா, விளையாடாத. எவனையாவது அனுப்பு." சின்னக்கா சொன்னது: ஆள் கிளம்பிட்டாரு, திருப்பத்துல வந்துட்டாரு. சனிக்கிழமை நண்பகலில் அவனுக்குச் சந்தேகம் வந்தது. "நீ அக்காதானா? இல்ல அந்த மெஷினா?" பிறகு அவளுடைய குரல், குளியலறையில் வருவது போலவே, மெதுவாகச் சொன்னது.

"அன்னைக்கு நான் பேசினது தப்புடா. மனசுல வச்சுக்காத."

அவன் அழும் சத்தம் கேட்டது.

அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எழுதியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியிடம் மட்டும் சொன்னது. கைபேசிகூட உள்ளே இருந்ததில்லை. இருந்ததோ. அவளுக்கு நினைவில்லை.

காலி கட்டடத்தின் வாசலில் தம்பியின் பைக் தூசி படிந்து நின்றது. காவல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். வயதானவர், பொய் சொல்லத் தெரியாத முகம். அந்த முகத்தையும் அவள் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

"வண்டி வெள்ளிக்கிழமைலேர்ந்து நிக்குதும்மா. வேலை முடியலன்னு நெனச்சேன்."

"உள்ள சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு. மேல ரோந்து போறப்பல்லாம் யாரோ பொம்பளப் புள்ள பேசிட்டிருந்துச்சு. சரி, துணைக்கு ஆள் இருக்குன்னு விட்டுட்டேன்." அவர் அவளை உற்றுப் பார்த்தார். "உங்க குரல் மாதிரியே இருந்துச்சும்மா."

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி அவரைக் கீழே விட்டுவிட்டு அவள் படியேறினாள். லிப்ட் ஆறாவது மாடியில், தரைக்கு முழங்கால் உயரம் மேலே நின்றிருந்தது. படிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஜன்னல்களில் பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள். காலை வெயில் அதன் வழியாக மஞ்சளாகக் கசிந்தது. மூன்றாவது மாடியில் அவள் காலடிச் சத்தம் இரட்டையாகக் கேட்டது. நின்றாள். ஒன்றும் இல்லை. நான்காவது மாடியிலிருந்தே முணுமுணுப்பு வந்தது. சுவருக்குள்ளிருந்து. அவள் குரலில்.

ஐந்து. ஆறு.

நடைவழி முழுக்கக் காலி. கடைசியில் இரும்புக் கதவு. மேலே விளக்கு அணைந்தது. காவல்காரர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். முணுமுணுப்பு நிற்கவில்லை. மணிப் பொத்தானுக்குத் தனி பேட்டரி உண்டு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தாள்.

கதவில் வாயை வைத்தாள். "தம்பி. நான்தான்டா. அக்கா வந்துட்டேன்."

முணுமுணுப்பு நின்றது.

உள்ளே துணி உரசியது. பிறகு அவன் குரல், காய்ந்துபோய், கிழவன் குரல் போல.

"யாரு?"

"அக்காடா."

"அக்கா இங்க உள்ள இருக்கா."

உயிரோடு இருக்கிறான். அது போதும். அழுதுகொண்டே சாவியைத் துளையில் திணித்தாள். "அது மெஷின்டா. நான் வெளிய நிக்கிறேன். அன்னைக்கு நான் பேசினது தப்புடா, மன்னிச்சுடுடா."

"அதை அக்கா அன்னைக்கே சொல்லிட்டா" என்றான். நிதானமாக. கோபமே இல்லாமல். "நீங்க யாரு?"

சாவி திரும்பியது. வெளிக்கதவு விலகியது. முழங்கால் உயரத்தில் உள்கதவு. அதன் நடு இடுக்கில் இருட்டு. கையால் இழுத்தால் திறக்கும். ஒரு விரல் அகலத்துக்கு இழுத்தாள். வியர்வை வாடை, மூத்திர வாடை, சூடான காற்று. அந்தக் காற்றோடு அவளுடைய குரல், ஒவ்வொரு அழைப்பிலும் அவள் கடைசியாகச் சொல்லும் வாசகம். அவசரப்பட்டுப் பாதிக் கதவில் குதித்து யாரும் செத்துவிடக் கூடாதே என்று அவள் சேர்த்துக்கொண்டது.

"வெளிய யார் கூப்பிட்டாலும் நான் சொல்றவரைக்கும் வராதீங்க. கதவைப் பிடிச்சுக்கோங்க. நான் இங்கதான் இருக்கேன்."

"சரிக்கா" என்றான் தம்பி.

அவள் பலம் கொண்டமட்டும் இழுத்தாள். கதவு அசையவில்லை. இடுக்கில் நான்கு விரல்கள் தெரிந்தன. நகம் பிய்ந்த, கிரீஸ் அப்பிய, அவள் பிடித்து நடத்திப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன விரல்கள். அவை கதவின் ஓரத்தை இறுக்கிப் பிடித்து, உள்ளிருந்து, மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தன.