சக்கரத்தில் கட்டிய துண்டு

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

நடவு வயலுக்கு வந்த பொன்னி போட்ட அலறலில் கொக்குக்கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்தது.

ஏரி மதகுக்குக் கீழே, வாய்க்காலில், இராமலிங்கம் குப்புறக் கிடந்தார்.

உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

2005. அடைமழை. வேங்கிக்கால் கிராமத்தைத் தாண்டி இருந்த அந்தச் சின்ன ஏரி பல வருஷம் கழித்துத் ததும்பியது. தண்ணீரைத் தேக்கணும் என்றார்கள் கீழே பயிர் வைத்தவர்கள். திறந்து விடணும் என்றார்கள் ஏரிக்குள்ளேயே வீடு கட்டியவர்கள். நடுவில் மதகைக் காத்தவர் இராமலிங்கம்.

ஏரிக்குள் மனை போட்டு, அதற்கு 'லேக் வியூ நகர்' என்று போர்டும் வைத்த மகானுபாவன் புரோக்கர் மூர்த்தி. முந்தின நாள் டீக்கடையில், அந்த ஆள் இருக்கிறவரைக்கும் மதகு திறக்காது என்று கத்தியிருந்தான்.

போதாதா?

எஸ்.ஐ. இளஞ்செழியன் அவனை ஜீப்பில் ஏற்றினார். இராமலிங்கத்தின் மனைவி சந்திரகலா மண்ணை வாரித் தூற்றினாள். நீ நல்லா இருப்பியா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஏரி நிரம்பினால் புருஷன் ராத்திரி கரையிலேயே படுப்பது வழக்கம். அதனால்தான் தேடாமல் இருந்துவிட்டாள், பாவம்.

பைக் வந்து நின்றது.

மகன் விமல்ராஜ். கலெக்டர் ஆபீசில் கிளார்க். லேக் வியூ நகரில்தான் குடியிருக்கிறான். அப்பா காலில் விழுந்து கதறினான். பிறகு பைக் பெட்டியிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்து அவர் முகத்தை மூடினான்.

சந்திரகலாவின் அழுகை நின்றது.

நேற்று சாயந்திரம் மழை விட்டதும் அவள் கையால் எடுத்துக் கொடுத்த துண்டு. நனையவே இல்லை...

மகனைத் தனியே இழுத்தாள்.

"இது ஏதுடா உனக்கு?"

"மதகு சக்கரத்துல கட்டியிருந்துச்சும்மா. மறந்துட்டுப் போயிட்டாரேன்னு எடுத்து வச்சேன்."

"அங்க எதுக்குப் போன?"

தலையைக் குனிந்தான்.

"நேத்து பொழுது சாயற நேரத்துல சமையல்கட்டு வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. திறந்துட்டேன். அப்பா பாத்தா வுடமாட்டாரு. அதான்... அவரு இல்லாத நேரமா பாத்து..."

அவள் மதகின் சக்கரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

மதகு ஒழுகினால் இராமலிங்கம் ஏரிக்குள் முங்கி, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார். முங்குமுன் மேலே சக்கரத்தில் துண்டைக் கட்டுவார். உள்ளே ஆள் இருக்கிறது, திருப்பாதே என்று அர்த்தம். திருப்பினால் மதகு திறந்து, பாயும் தண்ணீர் ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இவனுக்குத் தெரியாது! படிக்கிற பிள்ளை காலில் சேறு படக்கூடாது என்று, ஏரிப் பக்கமே விடாமல் வளர்த்தவள் அவள்தான்.

ஜீப் கிளம்ப உறுமியது. வாயை மூடிக்கொண்டால் போதும். பிள்ளையாவது மிஞ்சுவான்.

துண்டு விலகிய புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"சார்... மூர்த்திய எறக்கி வுடுங்க."

"அப்ப யாரும்மா?"

"எம்புள்ள சார். தெரியாம பண்ணிட்டான். துண்டு கட்டுனா என்னன்னு அவனுக்கு நாங்க சொல்லியே குடுக்கல."

விமல்ராஜ் துண்டைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். புரிந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

பொன்னியும் வாய்விட்டு அழுதாள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய மூர்த்தி சட்டையை உதறிக்கொண்டு, எஸ்.ஐ.யின் காதோரம் குனிந்தான்.

"அப்போ... நம்ம நகர்ல அந்தப் பையனோட வீடு காலியாவுதா சார்?"