வெள்ளை முகக் கன்று

பண்ணைக்காரர் பாஸுவால்டோ தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டரம்மா, பாதி மாடு சினை பிடிக்கல. இணை சேர்க்கிறதுக்கு முன்னாடி என் காளைங்களச் சோதிச்சு நோய் இல்லன்னீங்க. ஒண்ணு உங்க சோதனை தப்பு, இல்ல மந்தை காக்குற லெதெஸ்மா வேலியச் சரியாப் பாக்கல. சாயங்காலம் அவன் குடிசைக்கு வரேன். தப்பு அவன்மேலன்னா மூட்டை கட்டச் சொல்லிடுவேன்."

கால்நடை மருத்துவர் இர்மா காலணியை மாட்டினாள். உதவியாளன் ரூபன் வண்டியைக் கிளப்பினான்.

பாம்பாஸ் புல்வெளியில் ஒரு மணி நேரம் ஓடியும் வழியில் ஒரு மனிதர் தென்படவில்லை.

"வேலி அறுந்துதான் இருக்கும், பந்தயம்!" என்றான் ரூபன்.

கம்பி எங்கும் விறைப்பாகவே இருந்தது. பக்கத்துப் பண்ணைக்குத் திறக்கும் இரும்புக் கேட்டின் கொக்கி மட்டும் துரு தேய்ந்து பளபளத்தது. கொக்கி இருந்தது லெதெஸ்மாவின் பக்கம்.

கறுப்பு மந்தையில் ஒரு கன்றுக்கு முகம் வெள்ளை.

"இவனுக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சா?"

"பக்கத்துப் பண்ணைக் காளைக்கு என்ன முகம், ரூபன்?"

"வெள்ளை," என்றான் அவன், சிரிப்பை நிறுத்தி.

குடிசையில் லெதெஸ்மா மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். "கசக்கும் டாக்டரம்மா. நான் சர்க்கரையே தொடுறதில்ல."

மேசையில் சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. கரண்டியில் ஈரம். அடுப்பருகே இரண்டாவது முக்காலி, அதன்மேல் மட்டும் ஆட்டுத்தோல்.

பாஸுவால்டோ வந்ததும் இர்மா சொன்னாள்: "என் சோதனை சரி. இது இணை சேரும்போது தொத்துற நோய், பக்கத்துக் காளையோட வந்திருக்கு. போன வருஷமே அது இங்க வந்துபோனதுக்கு அந்தக் கன்னுதான் சாட்சி. அப்போ அதுக்கு நோய் இல்ல, இப்ப இருக்கணும். வேலி அறுபடல. காளைக்குக் கொக்கி கழட்டத் தெரியாது. லெதெஸ்மா அண்ணே, சர்க்கரை யாருக்கு?"

லெதெஸ்மா முக்காலிமேல் இருந்த ஆட்டுத்தோலைச் சரிசெய்தார்.

"பக்கத்துப் பண்ணை ஒலிவேராவுக்கு. காளை இந்தப் பக்கம் வந்தா தேடிட்டு வருவான். ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போவான். சும்மா வான்னு கூப்பிட எனக்கு வாய் வரல."

"கழுதை! அதுக்கு என் மந்தையா கெடச்சுது?" பாஸுவால்டோ கத்தினார். "நாளைக்குக் கிளம்பு."

இர்மா குறிப்பேட்டைத் திறந்தாள். சினையில்லாத மாடுகள் கறிக்குப் போகும். காளைகளை மறுபடி சோதிக்க வேண்டும்.

"ஒலிவேராகிட்டயும் சொல்லணும்," என்றாள். "அவர் மந்தையும் கெட்டுப்போயிருக்கும்."

"நானே சொல்றேன்." லெதெஸ்மா சர்க்கரையைப் பையில் கொட்டிக் கட்டினார். வாசலில் நின்று திரும்பினார்.

"கேட்டத் தாண்டினா அவன் வீடு இடப்பக்கமா, வலப்பக்கமா?"